சத்தமில்லாத பெட்டி

என் அத்தானைத் திட்டுவது கஷ்டமான வேலை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிடுவார். ஊரே அவரை நல்ல மனுஷன் என்கிறது. நானும் பதினாறு வருடமாக அந்த நல்ல மனுஷனைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு எடையளவு அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவார். அரை கிராம் குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் தலைக்கனத்தில், வீட்டில் சாம்பிராணிக் குச்சி வாங்கினாலும் எண்ணிப் பார்ப்பார். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன். அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

அத்தான் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், படங்களெல்லாம் அதற்குள் இருக்க வேண்டும், ஆனால் அது ஓடுவது யார் காதிலும் விழக்கூடாது என்று முடிவு கட்டினார்.

"படத்துல யாருமே பேசாத இடம் ஒண்ணு வரும்ல மாப்ள, அந்த நேரத்துல ஃபேன் சத்தம் கேட்டா படமே செத்துடும்" என்றார்.

கடைக்காரர் கட்டிக்கொடுத்தால் ஆகாது. ஒவ்வொரு பாகத்தையும் அவரே தேர்ந்தெடுப்பார். பதினான்கு மாதம் தேர்ந்தெடுத்தார். அதுவரை அந்த டிவியில் ஒரு படம்கூட ஓடவில்லை. கறுப்பாக, அவர் முகத்தையே அவருக்குக் காட்டிக்கொண்டு தொங்கியது.

அதே பதினான்கு மாதத்தில்தான் அக்காவின் காது போய்க்கொண்டிருந்தது.

அக்காவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சமாளித்துவந்தாள். ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். நரம்புக் கோளாறு, இரண்டு காதும் என்றார் டாக்டர். மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு நன்றாகவே கேட்கும், தள்ளிப்போட்டால் அப்புறம் சத்தம் கேட்டாலும் சொல் புரியாது, சீக்கிரம் வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லாத."

"ஏன்க்கா?"

"ஒரே வீட்டுல இருக்காரு. அவராக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்ச அன்னைக்கே மிஷின் போட்டுக்கறேன்."

நான் தலையாட்டினேன். அக்கா பேச்சுக்கு மரியாதை கொடுத்து ஆட்டியதாக நினைக்க வேண்டாம். அந்த மனிதர் கோட்டை விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசைதான் காரணம்.

ஆசை ஒன்றும் வீண் போகவில்லை. முதலில் வாங்கிய ஹார்ட் டிஸ்க் கடகடக்கிறது என்று தூக்கிப் போட்டார். விசிறிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பினார். ஒன்று உறுமுகிறதாம், இன்னொன்று முனகுகிறதாம். உள்ளே பஞ்சு ஒட்டிய இரும்புப் பெட்டி வந்தது. பஞ்சால் சூடாகிறது என்று பஞ்சைப் பிய்த்தார். கடைசியில் விசிறியே வேண்டாம், அலுமினியத் தகடுகளே சூட்டை வெளியேற்றட்டும் என்ற ஞானம் பிறந்தது. தன் போனில் சத்தம் அளக்கும் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, அளக்கும்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்துவார், கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றுவார், ஃபிரிட்ஜை அணைப்பார். மறுபடி போட மறந்து இரண்டு முறை பால் திரிந்தது.

வேலை செய்யும்போது தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டுதான் பேசுவார். "அந்தச் சின்ன ஸ்க்ரூவ எடு" என்பார் பெட்டிக்குள்ளிருந்து. அக்காவுக்கு உதடு தெரியாது. "ம்" என்று குத்துமதிப்பாகச் சொல்லி டார்ச்சை நீட்டுவாள். "எங்க கவனம் உனக்கு?" என்று அலுத்துக்கொள்வார். பெட்டி தயாரானதும் படத்தோடு, அடியில் வசனம் ஓடும் எழுத்தையும் சேர்த்துப் போடச் சொன்னாள் ஒருநாள். நமக்குத் தெரிந்த மொழிப் படத்துக்கு எழுத்து எதற்கு என்று சிரித்தார். பதினெட்டு டெசிபலுக்கும் இருபதுக்கும் வித்தியாசம் தெரிந்த காது அது.

விசிறி இல்லாத பெட்டி தயாரான அன்று நானும் அங்கே இருந்தேன். பட்டனை அழுத்தினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பவர் சப்ளைக்குள் இருக்கும் காயில் மெல்லிய குரலில் கத்துகிறது. இருபது வருடமாகக் கட்டுகிற பொருள், எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"உங்க அக்காவக் கேட்டாத் தெரிஞ்சுடும். அவளுக்குப் பாம்புச் செவி" என்றார்.

கல்யாணமான புதிதில், மூன்றாவது அறையில் குழாய் சொட்டுவதைக் கேட்டு அக்கா எழுந்து போய் மூடினாளாம். அன்று வைத்த பெயர். எடைக்கல்லுக்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை போட வேண்டும், போடாத கடைக்காரனை இவர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பெண்டாட்டியின் காதுக்கு மட்டும் பதினாறு வருடத்துக்கு முன் குத்திய முத்திரை போதும் இவருக்கு.

அக்காவை சோஃபாவில் உட்கார வைத்தார். பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கேக்குதா?" என்றார். அக்கா பேசாமல் இருந்தாள்.

"எவ்ளோ உன்னிப்பாக் கேக்குறா பாரு" என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்றார்.

"இல்ல" என்றாள் அக்கா, அவர் உதட்டைப் பார்த்து.

அன்றைக்கே, இவரைப் போன்ற வேலையற்றவர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் பெட்டியின் படத்தைப் போட்டு எழுதினார். "என் மனைவிக்குப் பாம்புச் செவி. அவளுக்கே கேட்கவில்லை. இதற்குமேல் இந்தப் பெட்டிக்கு வேறு சான்று தேவையில்லை." எழுதியதை அக்காவிடம் பெருமையாகக் காட்டினார். அக்கா இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

"வா, டாக்டர்கிட்ட போலாம்."

"கண்டுபிடிச்சிட்டாரா?"

"இல்லடா. நான்தான் தோத்துட்டேன்."

மிஷின் வர ஒரு வாரம் ஆனது. அவரைக்காயின் விதை அளவுதான், காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது அக்கா தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நின்றாள். கொஞ்ச தூரம் போய், "உன் குரல் எப்படா இவ்ளோ கட்டையாச்சு?" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். ஒரு வருடத்துக்கு மேல் இதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதல் படத்துக்கு என்னையும் அழைத்திருந்தார் அத்தான். அக்கா தலைமுடியை உயர்த்திக் கொண்டை போட்டிருந்தாள். வழக்கமாகக் காதை மூடிப் பின்னுகிறவள். அவருக்கு நேராக, வெளிச்சம் விழுகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவர் பட்டனை அழுத்தினார்.

"கொய்ங்குனு ஒண்ணு கேக்குதுங்க" என்றாள் அக்கா.

அவர் சட்டென்று திரும்பினார். அவளை நேராகப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து?"

"பெட்டிலேர்ந்துதான்."

முகம் தொங்கிப்போயிற்று அவருக்கு. "அதானே. எனக்கும் அன்னைக்கே உறுத்துச்சு" என்றபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். வழக்கம்போலத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு பேசினார். "அன்னைக்கு வேற ஏதோ நெனப்புல இல்லன்னுட்டா போல. அவ காது பொய் சொல்லாது."

பெட்டிக்குள்ளிருந்து வந்த அந்தப் பேச்சு முதல்முறையாக அக்காவுக்கு முழுசாகக் கேட்டது. கையைத் தூக்கிக் காதிலிருந்ததைக் கழற்றினாள். பிறகு அடுத்த காதிலிருந்ததையும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

உள்ளே எதையோ இறுக்கிவிட்டு அவர் நிமிர்ந்தார். "இப்பக் கேக்குதா?"

அக்கா அவர் உதட்டைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

"பாத்தியா மாப்ள, ஒரு ஸ்க்ரூதான்" என்று சிரித்தார்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். இந்த முறை அவளுக்காகத்தான் சும்மா இருந்தேன். படம் ஓடத் தொடங்கியது. பெட்டி கத்திக்கொண்டேதான் இருந்தது.