அடக்கத்துக்கு வராத பாட்டுத் தாள்கள்

ஆம்பூரில் ஒரு சிறிய சர்ச்சின் அலுவலக வேலையை பெர்சிஸ்தான் பல வருஷமாகப் பார்க்கிறாள். அந்த ஞாயிறு மதியம் எபனேசர் வந்தான். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அவன் அப்பா அன்று விடியற்காலையில் இறந்திருந்தார்.

"சாயந்திரம் அடக்கம்க்கா. அப்பாவே எழுதுன பாட்டு ஒண்ணு இருக்கு. எல்லார் கையிலயும் குடுக்கணும்."

பெர்சிஸ் டைப் செய்து நூறு தாளுக்குப் பிரிண்ட் கொடுத்தாள். ஒன்றும் வரவில்லை. முந்தின நாள்தான் ரவுட்டரை மாற்றியிருந்தார்கள். பிரிண்டர் இன்னும் பழைய வைஃபையையே தேடிக்கொண்டிருந்தது. அதன் சின்னத் திரையில் புதிய பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஏற்கவில்லை. அணைத்துப் போட்டும் அதே கதைதான். ரவுட்டர் மாட்டியவர் போனை எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடைகளும் மூடியிருந்தன.

"இன்னாக்கா, வரலியா?"

"அது இன்னா கேக்குதுன்னே எனக்குப் புரியலப்பா."

"பரவால்லக்கா, விடுங்க."

அவன் கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஆனால் கல்லறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப் இல்லாத வயதானவர்கள். எபனேசர் தனி ஆளாகப் பாடினான். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது. பெர்சிஸ் போனைப் பார்த்துப் பாட முயன்றாள், மெட்டு தெரியவில்லை.

மறுநாள் ரவுட்டர்காரர் வந்து, புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்தார். பிரிண்டர் தானாகவே ஓட ஆரம்பித்தது. நூறு தாள்களும் வந்து விழுந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் எபனேசருக்குப் போன் செய்தாள்.

"எடுத்து வைங்கக்கா, வர்றேன்," என்றான். "துக்கம் கேக்க இன்னும் ஆளுங்க வந்துகினுதான் இருக்காங்க."