இரண்டு கலரில் என் முகம்

மாட்டுத் தீவன மூட்டையில் முதலாளியின் முகம் இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் முகம் இல்லாத மூட்டை ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். மீசை, தங்கச் சங்கிலி, நெற்றி நிறைய விபூதி, கும்பிட்ட கை. கடைக்கு வருகிறவர்கள் பெயரைப் படித்து வாங்குவதில்லை. "அந்த மீசைக்காரர் மூடையில ரெண்டு போடுங்க" என்பார்கள். அந்த மீசைக்காரர் என் அண்ணன்.

அவருடைய தீவன மில் விளாங்குடியில் இருக்கிறது. புருஷன் வீட்டை விட்டு நான் திரும்பி வந்த வருடத்திலிருந்து அங்கே கலவை என் பொறுப்பு. பருத்திக்கொட்டை எவ்வளவு, கடலைப் புண்ணாக்கு எவ்வளவு, வந்திறங்கிய மக்காச்சோளத்தில் பூசணம் இருக்கிறதா, எல்லாம் நான்தான் பார்த்தேன். பதினான்கு வருடம். மூட்டையில் இருந்தது அவர் மீசை. அதைப் பற்றி ஒரு நாளும் நான் வாய் திறக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அண்ணன் மகனுக்குக் கல்யாணமான கையோடு, "இனிமே சின்னவன் பாத்துக்குவான். நீ வீட்டுல இருந்து சாமி கும்பிடுத்தா" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நாள் முழுக்கக் கும்பிடுகிற அளவுக்கு அந்தச் சாமியிடம் எனக்கு வேலை இல்லை. மேலூரில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கலவை எந்திரத்தை இறக்கினேன்.

முதல் இரண்டு மாதம் என் தீவனம் வெறும் வெள்ளைச் சாக்கில் போனது. கடைக்காரர்கள், "இதுவா, மீசைக்காரரோட தங்கச்சி போடுறது" என்று சொல்லி விற்றார்கள். நன்றாகவே விற்றார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. என் மூட்டையிலும் ஒரு முகம் வரட்டும், அது என் முகமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

வில்லாபுரத்தில் சாக்குக்கு அச்சடிக்கும் ஒருவரிடம் போனேன். அண்ணன் மூட்டைக்கும் அவர்தான் அச்சடிக்கிறார். வேறு ஆளா இல்லை மதுரையில்? இருக்கிறார்கள். ஆனால் இவர் அடித்த மை கையில் ஒட்டாது, எனக்குத் தெரியும். அண்ணனுக்குப் பயந்து மட்டமான வேலைக்காரரிடம் நான் ஏன் போக வேண்டும்?

"சார் வரலையாம்மா?" என்று கேட்டார்.

"எந்த சாரு?"

அச்சகக்காரர் மாதிரிச் சாக்குகளை எடுத்துப் போட்டார். முதலில் காட்டியது, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் தாள் ஒட்டியது. "இதுல எத்தன கலர்னாலும் அடிக்கலாம்மா. போட்டோவாட்டம் வரும்."

"இதுல காத்துப் போகாதுண்ணே. உள்ள புண்ணாக்கு வேர்த்துப் பூசணம் புடிச்சுரும். மாடு என்ன மூஞ்சியப் பாத்தா திங்குது?"

அடுத்தது சாதாரண நெய்த சாக்கு, நான்கு கலர். அதன் லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி ரப்பர் பிளாக். சாக்கு ஓடும்போது கொஞ்சம் நெளிந்தாலும் ஒரு கலர் மற்றொன்றின் மேல் சரியாக உட்காராது. அண்ணனின் மீசை சில மூட்டைகளில் மூக்குக்கு மேலே ஏறியிருக்கும். அதையும் அடுக்கி விற்றுத்தான் இருக்கிறோம். எனக்கு இரண்டு கலர் போதும் என்றேன். மேலே எழுத்து சிவப்பில், கீழே முகம் இன்னொரு கலரில். ஒன்றை ஒன்று தொடாவிட்டால் நெளிந்தாலும் கவலையில்லை.

முகத்துக்கு எந்தக் கலர் என்பதில்தான் சண்டை வந்தது. பச்சையில் அடித்தால் முளைப்பாரிக்குக் கண் வைத்த மாதிரி இருக்கும். சிவப்பில் என்றால் சாமி வந்த மாதிரி. அவர் கம்ப்யூட்டரில் என் போட்டோவை ஏற்றி, ரோஸும் சந்தனமும் கலந்த ஒரு நிறத்தில் காட்டினார். யாரோ ஒரு சிவத்த பொம்பளை என் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது யாருண்ணே?"

"நீங்கதாம்மா. லேசா கலர் ஏத்தியிருக்கேன். எல்லாருக்கும் செய்யிறதுதான். உங்க அண்ணனுக்கும் அப்பிடித்தான் அடிக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனும் என் நிறம்தான். இத்தனை வருடமும் அவர் ஊருக்கெல்லாம் ரோஸாகத்தான் தெரிந்திருக்கிறார், நான் அதைக் கவனிக்கவே இல்லை. சிரிப்பு அடங்கியதும் ஆத்திரம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் என் கறுப்புக்கு ஈடாக நகையைக் கூட்டிக் கேட்டார்கள், வீட்டில் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். கட்டியவன், நான் சோறு போடும்போதுகூட, என் கையைப் பார்த்து ஏதாவது சொல்வான். அந்த வீட்டில் நான் பூசாத பவுடர் இல்லை. இப்போது நானே முதலாளியாகி, நானே ஆர்டர் கொடுக்கிற இடத்திலும் வெளுக்க வேண்டுமா?

முழங்கை வரை கையை நீட்டி, மேசை மேல் கிடந்த சாக்கின் மேல் வைத்தேன். "இந்தக் கலருக்கு மை கலக்குங்க."

"யம்மா, அம்புட்டுக் கறுப்பா? யாவாரப் பொருளு, மங்களமா இருக்க வேணாமா?"

"பதினாலு வருசமா இந்தக் கை பட்ட தீவனத்தத்தான் மாடு தின்னுச்சு. பால் என்ன கொறஞ்சா போச்சு?"

முனகிக்கொண்டே காப்பிக்கொட்டை நிறத்தில் கறுப்பைக் கலந்தார். என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் சாக்கில் தடவிப் பார்த்தார். முதல் தடவை செம்மண்ணாக இருந்தது. இரண்டாவது இன்னும் கொஞ்சம் நெருங்கியது. மூன்றாவது தடவை எது கை, எது மை என்று எனக்கே சந்தேகம் வந்தது. காய்ந்ததும், பையில் கொண்டுபோயிருந்த புண்ணாக்கை எடுத்து அதன் மேல் அழுத்தித் தேய்த்தேன். மை அசையவில்லை. படம் எப்படி வர வேண்டும் என்பதையும் சொன்னேன். முகம் முழுக்க மை, கண்ணும் பல்லும் மட்டும் சாக்கின் வெள்ளையாக விட வேண்டும். பல் தெரியச் சிரிக்கிற போட்டோதான் கொடுத்திருந்தேன்.

பிளாக் தயாராகி அச்சுப் போடுகிற அன்று காலையில் நான் நேரில் போய் நின்றேன். எந்திரத்தில் சாக்கை மாட்டும்போது அச்சகக்காரரின் போன் அடித்தது. பேசிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனை என்னிடம் நீட்டினார். அண்ணன்.

"ஏத்தா, பொம்பள மூஞ்சிய மூடையில அடிக்கலாமா? தீவனம் தீந்ததும் அந்தச் சாக்கத் தொழுவத்துல விரிப்பாய்ங்க. கண்டவனும் மிதிப்பான். குடும்பத்துக்கு அசிங்கமா இல்ல?"

"உங்க மூஞ்சியும் தொழுவத்துலதானண்ணே கெடக்கு. ஒரு மாடும் உங்களுக்கு மரியாதயக் கொறைக்கலயே."

"ஆம்பள வேற, பொம்பள வேற."

"மிதிக்கட்டும்ணே. கன்னுக்குட்டி ஈரத்துல படுக்காம இருந்தாச் சரி. உங்க வீட்டுலயும் கட்டுனவன் வீட்டுலயும் நான் மிதிபடாமயா இருந்தேன்?"

"அப்ப இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றார்.

"சரிண்ணே, வச்சுர்றேன்."

போனை அச்சகக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அழுகை வந்திருந்தால் அங்கேயே நின்று அழுதிருப்பேன், வரவில்லை. அச்சகக்காரர், "அண்ணன் கோவிச்சுக்கிட்டா எனக்கும் கஷ்டம்மா" என்று இழுத்தார்.

"அவரு மூடைய அவரு சொல்றபடி அடிங்க. என் மூடைய நான் சொல்றபடி அடிங்க. எந்திரத்தப் போடுங்க."

போட்டார். உருளைகள் தடதடவென்று ஓட ஆரம்பித்தன. மை சீராக ஏறுகிற வரைக்கும் முதலில் வருகிற சாக்குகள் வெளிறித்தான் வரும். பத்துப் பதினைந்து வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் நான் சந்தன நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றை எடுத்து விரித்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"பாருங்கம்மா, இதுல எம்புட்டு லட்சணமா இருக்கீக! இப்பிடியே ஓட்டிருவமா?"

"அதெல்லாம் கழிச்சிருங்கண்ணே" என்றேன். "நான் இன்னும் வரல."

அவர் மையைத் திறந்துவிட்டார். நாலைந்து சாக்கு தள்ளி, நான் வந்தேன்.