வழி கேட்காத ஜொவெலினோ

“இந்த ஊர்ல நான் எவன்கிட்டயாவது வழி கேட்டேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே என்னை வேனோட சேர்த்து ஏரியில தள்ளிடுங்கடா!”

பெலோ ஒரிசோன்ச்சி நகரத்துச் சுற்றுலா வழிகாட்டிகள் சங்கத்தின் ஆண்டு விழாவில், நாற்காலி மேல் ஏறி நின்று இப்படிப் பிரகடனம் செய்தவர் ஜொவெலினோ. வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருஷமாக வேன் ஓட்டி வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர். வேனின் பக்கவாட்டில் ‘ஊர் முழுக்க என் உள்ளங்கையில்’ என்று எழுதியிருக்கும். உள்ளங்கையை விரித்துப் பார்க்க இதுவரை யாரும் கேட்டதில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களின் நாக்குக்கு ‘தெரியாது’ என்ற சொல் பழக்கமில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டால் மோவாயை உயர்த்தி, உதட்டைக் குவித்து, ஏதோ ஒரு திசையைக் காட்டி, “இதோ, பக்கத்துலதான்” என்பார்கள். அந்தப் பக்கம் அடுத்த வீடாகவும் இருக்கலாம், அடுத்த மாவட்டமாகவும் இருக்கலாம். மலைகளுக்கு நடுவே ஏறி இறங்கும் ஊர் என்பதால், நம்பி நடந்தவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவதற்கும் தெம்பு இருப்பதில்லை.

அந்த சனிக்கிழமை காலை ஜொவெலினோ வேனில் ஏற்றிக்கொண்டது சாதாரணப் பயணியை அல்ல. கடற்கரை நகரமான ரியோவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய தோனா கியோமார், ஜொவெலினோவின் மகள் லெனீருக்கு மாமியாராகப் போகிறவர். மாப்பிள்ளைப் பையன் கயோவுக்கு இரண்டு ஊரிலும் வேலை தயாராக இருந்தது. அம்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று சொல்கிறாளோ, அங்கேதான் குடித்தனம் என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளையின் முதுகெலும்பைப் பற்றி ஜொவெலினோவுக்கு ஒரு கருத்து இருந்தது. மகளுக்காக விழுங்கிக்கொண்டார்.

கிளம்பும்போதே லெனீர் எச்சரித்தாள். “அப்பா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் பீத்திக்காம இருங்க. நான் இங்க இருக்கிறதும் போறதும் உங்க வாயிலதான் இருக்கு.”

“நான் எப்பம்மா பீத்திக்கிட்டேன்? உள்ளதைச் சொல்றேன்.”

வேனில் ஏறியதும் தோனா கியோமார் கைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்தார். “சம்பந்தி, எனக்கு ஊர் சுத்துற ஆசையெல்லாம் இல்ல. இந்த விலாசத்தை மட்டும் காட்டிடுங்க. எங்க வீட்டுக்காரர் படிக்கிற காலத்துல இங்கதான் தங்கியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின கடுதாசி எல்லாம் இங்கேருந்து வந்ததுதான். அவரும் போயி நாலு வருஷம் ஆச்சு.”

கேப்டன் பொர்ஃபீரியோ தெரு, நாற்பத்து மூன்று.

அப்படி ஒரு தெருவை ஜொவெலினோ வாழ்நாளில் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் மோவாய் தானாகவே உயர்ந்துவிட்டது.

“இதுவா? இதோ, பக்கத்துலதான். போற வழியில ஏரியையும் ஒரு பார்வை பார்த்துடுவோம்.”

ஏரி எந்த வழிக்கும் வழியில் இல்லை. முதல் சிக்னலில் சம்பந்தியம்மாள் வெளியே பார்த்த நேரத்தில், ஜொவெலினோ போனைத் தொடையிடுக்கில் வைத்துத் தெருவைத் தேடினார். அது வேறொரு மாநிலத்தில் இருக்கும் ஒரு முடிதிருத்தும் கடையைச் சிபாரிசு செய்தது.

பம்புல்யா ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, கைகளை விரித்தார். “இதுதாங்க எங்க கடல்.”

“அக்கரை தெரியுதே?”

“அதுதாங்க வசதி. உங்க கடல்ல அந்த வசதி உண்டா?”

தோனா கியோமார் கடலுக்காக வாதாடவில்லை. புல்வெளியில் ஆட்டுக்கடா பருமனில் மேய்ந்துகொண்டிருந்த கபிபாராவைக் காட்டி, “இது எலியா?” என்று மட்டும் கேட்டார்.

“எலி இனம்தான். ஆனா ரொம்ப மரியாதையான பிராணி.”

“நல்லது. அந்தத் தெரு?”

“இதோ, பக்கத்துலதான்.”

அடுத்து வேர்க்கடலைத் தெரு. அங்கே வண்டியை அணைத்துவிட்டால் அது தானாக மேட்டில் ஏறும். உலகம் முழுவதும் இறக்கத்தில் உருளும் வண்டிகள் எங்கள் ஊரில் மட்டும் ஏற்றத்தில் உருள்வது பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஜொவெலினோ சாவியைத் திருகி வண்டியை அணைத்தார். வேன் மெதுவாக மேலே ஏறியது. அவர் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

“சம்பந்தி, நான் இருபத்தேழு வருஷம் பூகோளம் எடுத்தவ. இது இறக்கம்.”

“கண்ணுக்கு ஏத்தமாத்தானே தெரியுது?”

“கண்ணுக்குத் தெரியுது. எனக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெரு.”

பிறகு மலை உச்சிக்கு ஏறினார்கள். காலடியில் ஊர் மொத்தமும் விரிந்து கிடந்தது. வழக்கமான உரையை ஜொவெலினோ பாதிவரை ஒப்பித்துவிட்டார். “இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் எனக்குத் தெரியாத சந்தே...”

“அப்ப இதுல எங்க இருக்கு?”

அவர் உதட்டைக் குவித்துத் தொடுவானத்தில் கால்வாசியைக் காட்டினார். அந்தக் கால்வாசிக்குள் லட்சக்கணக்கான ஜனங்கள் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மத்தியச் சந்தையில் ஈரலும் கசப்புக் கத்தரியும் வறுத்து வாங்கிக் கொடுத்தார். தோனா கியோமார் தட்டைக் காலி செய்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவர் அன்றைக்குச் சொன்ன ஒரே பாராட்டு அதுதான், அதுவும் ஈரலுக்குப் போய்விட்டது. பிற்பகல் முழுக்க ஜொவெலினோ கிழக்குப் பேட்டையைச் சுற்றினார். ஒரே மாதா கோயிலை மூன்று திசைகளிலிருந்து மூன்று கோயில்களாக அறிமுகம் செய்தார்.

மூன்றாவது தடவை அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, தோனா கியோமார் உறையை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபமாக இருந்திருந்தால் ஜொவெலினோ தாங்கியிருப்பார்.

“ஆறு மணிக்கு எனக்கு பஸ். வீட்டுக்குப் போனதும் கயோ கேப்பான், அந்த ஊரு ஆளுங்க எப்படிம்மான்னு. என்ன சொல்லட்டும், சம்பந்தி? ஒண்ணு கேட்டா ஒன்பது காட்டுறாங்க, கேட்ட ஒண்ணை மட்டும் காட்ட மாட்டேங்கறாங்கன்னு சொல்லவா?”

மணி நாலே கால். ஜொவெலினோ கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டில் அந்த அம்மாள் ஜன்னல் வழியாக ஒவ்வொரு தெருப் பலகையையும் தானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார்.

“ஒரு நிமிஷம் இருங்கம்மா. சூடா சீஸ் உருண்டை வாங்கிட்டு வந்துடறேன்.”

வேனைத் தெரு முனை தாண்டி, பக்கவாட்டு எழுத்து சுவரைப் பார்த்தபடி நிற்கும்படி நிறுத்தினார். சங்கத்தின் பெயர் போட்ட தொப்பியைக் கழற்றிச் சுருட்டி சட்டைப் பைக்குள் திணித்தார். மதுக்கடைக்குள் நாலு பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஆறு சீஸ் உருண்டை.” பிறகு குரலை இன்னும் இறக்கி, “இந்தக் கேப்டன் பொர்ஃபீரியோ தெரு...”

“என்ன தெரு? சத்தமா சொல்லுங்க!”

சொன்னார். கடைக்காரர் மோவாயை உயர்த்தத் தொடங்குவதைப் பார்த்ததும் ஜொவெலினோ அவசரமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. புண்ணியமாப் போகும்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு வேண்டுகோளை அவர் அதுவரை கேட்டதில்லை. டோமினோ மேசையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தலையைத் தூக்கினார்.

“அதுக்குப் பேரை மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சே. மாணவர் விடுதி இருந்த தெருதானே? நானே கடுதாசி போட்டிருக்கேன். ஆமா, நீங்க எந்த ஊரு?”

ஜொவெலினோ வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ரியோ,” என்றார்.

“அதானே பார்த்தேன். நம்மூர் ஆளா இருந்தா கேட்டிருக்கவே மாட்டானே!” தபால்காரர் காகிதத் துடைப்பானை இழுத்து, பேனாவால் கோடு போட ஆரம்பித்தார். ஒரு பேக்கரி, ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு திருப்பம்.

ஜொவெலினோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி அந்தக் காகிதத்தின் மேல் குனிந்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே, இன்னொரு தரம் சொல்லுங்க. பேக்கரி தாண்டினதும் வலதா, இடதா?”