ஆப்பிள் பை பரிமாறிய மாலை

ஐயா, அம்மையீர், வணக்கம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மாண்ட்ரியலில் தனியே குடியிருந்தேன். ஓர் இலையுதிர்காலத்தில், உடன் பணியாற்றிய பொறியாளர் ஒருவரும் அவர் மனைவியும் என்னை இல்-பிசார் தீவிலிருந்த தோட்டத்துக்கு ஆப்பிள் பறிக்க அழைத்துச் சென்றனர். மறுவாரம் அப்பழங்களைக் கொண்டு, மாவில் அங்கு வழக்கமான பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக வெண்ணெய் சேர்த்து, நானே ‘ஆப்பிள் பை’ என்னும் பழப் பண்டம் சுட்டு அவர்களை விருந்துக்கு அழைத்தேன். என் மேசையில் ஒரு முறையேனும் பிறரோடு அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே என் ஆசை.

ஆனால் விருந்தினர் உண்டு முடியும்வரை அழைத்தவர் நின்று பரிமாறுவதே எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் அமர்ந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

"நீயும் உட்காரப்பா" என்றார் நண்பர்.

"முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

"விஷம் கிஷம் கலந்திருக்கிறாயா? நீ தொடவே இல்லையே!"

மூவரும் சிரித்தோம். நான் மீண்டும் பரிமாறினேன். அவர்கள் உண்டு, நன்றி கூறி, கோட்டு அணிந்து புறப்பட்டுவிட்டனர்.

அதன் பிறகே நான் அமர்ந்தேன். பை நன்றாகத்தான் வந்திருந்தது. அதைச் சொல்ல எதிரில் ஒருவரும் இல்லை.

இச்சிறு குறிப்பைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.