எழுபது வளைவும் நானே ஓட்டுவேன் என்றேன்!

இன்று மதியம் கொல்லிமலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை!

(பதிவு போடுகிறேன் என்றால் உயிரோடுதான் இருக்கிறேன். பதறாமல் படியுங்கள்.)

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். காஷ்மீர், அசாம் எல்லாம் அவர் நேரில் பார்த்துவிட்டார். நான் வீடியோ காலில் பார்த்துவிட்டேன்.

அதனால் எனக்கென்று ஒரு கனவு வைத்திருந்தேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும், ஏற்றம் இறக்கம் இரண்டிலும், நானே ஓட்ட வேண்டும். நடுவில் ஸ்டீயரிங்கை அவரிடம் கொடுக்கவே கூடாது!

லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம். காலையில் எருமப்பட்டியிலிருந்து கிளம்பினோம்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மிளகுக்கொடி, பலாமரம், கீழே கட்டம் கட்டமாக வயல்... சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கும்போது அவர் தூங்கிவிட்டார்.

லாரியில் இரண்டு டிரைவர் போனால் ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்குவாராம். அந்தப் பழக்கம்! (எனக்கு உள்ளூரப் பெருமை. என்னையும் டிரைவராக மதித்துத்தானே தூங்குகிறார்!)

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாமக்கல் ரோட்டில் சின்னச் சரிவு வந்தாலே அவர் காரை நியூட்ரலில் விட்டுவிடுவார். "பெட்ரோல் மிச்சம் புள்ள" என்பார்.

நானும் நியூட்ரலில் விட்டேன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினேன்.

ஐம்பதாவது வளைவு என்று போர்டு (எண்ணிக்கை அடிவாரத்திலிருந்து). ஜாலி!

நாற்பத்தைந்து. ஏதோ கருகுகிற நாற்றம்.

நாற்பத்திரண்டு. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வேகம் குறையவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"ஏனுங்க!" என்று கத்தினேன்.

அவர் கண் விழிப்பதற்கு முன்பே மூக்கு விழித்துக்கொண்டது.

"நியூட்ரலா?"

"ஆமாங்க..."

"பயப்படாத சாமி. கிளட்ச்ச மிதி. தேர்டு போடு. மெதுவா கிளட்ச்ச உடு."

இன்ஜின் அலறியது. வண்டி கொஞ்சம் அடங்கியது.

"இப்ப செகண்டு."

கியர் விழவில்லை. அடுத்த வளைவு தெரிந்துவிட்டது. கீழேயிருந்து பஸ் ஹாரன் வேறு!

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை.

"நீ ரோட்ட மட்டும் பாரு. இன்னொருக்கா போடு."

விழுந்தது! பஸ் எங்களை உரசுகிற மாதிரி மேலே ஏறிப் போனது. அவர் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். பாறை ஓரமாக நின்றோம்.

நின்றதும் குதித்து இறங்கி, ஒரு கல்லைத் தூக்கி வந்து டயருக்கு அண்டக் கொடுத்தார். (லாரியில் அது கிளீனர் செய்கிற வேலை. இவர் விரட்டி வேலை வாங்குகிறவர்!)

சக்கரத்திலிருந்து புகை. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"ஊத்தாத! சூட்டுல ஊத்துனா விரிசல் உட்டுரும். தானா ஆறட்டும்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"நீங்களே ஓட்டுங்க. இந்தக் கனவே எனக்கு வேண்டாமுங்க."

"தப்பு என்னுது சாமி. நியூட்ரல்ல உட்டுப் பழக்குனவன் நாந்தான். மலையில உடக் கூடாதுன்னு சொல்லாமத் தூங்கிட்டேன். இப்ப நீ எறங்கிக்கிட்டா இனி ஸ்டீயரிங்கத் தொடவே மாட்ட. நாப்பது வளைவு பாக்கி இருக்குது. ஏறி உக்காரு."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பெடலை அவரே நாலு தடவை அமுக்கிப் பார்த்தார். "கெட்டியாயிருச்சு" என்றார்.

செகண்ட் கியரிலேயே இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வரலாம் வா... ரைட்ல ஒடி... போலாம்!" என்று கத்திக்கொண்டே வந்தார். ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூடவில்லை.

முப்பது. இருபது. பத்து. ஒன்று!

அடிவாரத்தில், காரவள்ளி டீக்கடையில் உட்கார்ந்த பிறகும் என் கால் ஆடுவது நிற்கவில்லை. கடைக்காரர் அவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க, பார்த்து ஓட்டிட்டு வரக் கூடாதுங்களா? அம்மணி எப்படிப் பயந்து போயிருக்காங்க பாருங்க!"

என் வீட்டுக்காரர் எழுந்து டம்ளரை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"டிரைவர் அவங்கதானுங்க. நான் கிளீனரு."