பழமலை வாசித்த பெட்டி கிடார்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மைக்செட் கடை வைத்திருந்த தர்மராஜ் பொய்யே பேசாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. வாய் கூசாமல் புளுகுவார். ஆனால் ஊரே தன் முகத்தில் காறித் துப்பும்படியான ஒரு பொய்யை எந்த மனிதனாவது சொந்தமாகக் கட்டிச் சொல்வானா? அதனால்தான் நம்புகிறேன்.

அமெரிக்காவில் பெரிய பெரிய கடைகள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் படப் புத்தகம் அச்சடித்து வீடு வீடாக அனுப்புமாம். படத்தைப் பார்த்து எழுதிப்போட்டால் சாமான் வீடு தேடி வரும். அப்படிக் கடலூரில் இருந்த ஓர் அமெரிக்கப் பாதிரியார் தன் மகனுக்கு வரவழைத்த எலெக்ட்ரிக் கிடார் அது. கிடார் வைக்கிற பெட்டியே ஆம்ப்ளிஃபையர். திறந்தால் ஸ்பீக்கர், கரண்டில் சூடேறும் கண்ணாடி வால்வு எல்லாம் உள்ளேயே இருக்கும். 1971இல் அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது தர்மராஜ் அடித்துப் பிடித்து வாங்கிவந்தார். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. கல்யாண சீசனில் கடையில் தங்காது.

ஒரு கோளாறு இருந்தது. இரண்டு பின் உள்ள அதன் பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் கிடார் கம்பியைத் தொடும் விரலில் சுருக்கென்று கரண்ட் பிடிக்கும். திருப்பிச் சொருகினால் ஒன்றும் இல்லை. தர்மராஜ் தனக்கு அடையாளமாகப் பிளக்கின் மேல்பக்கம் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு மேலே இருந்தால் கரண்ட் பிடிக்காது. வாடகைக்கு எடுப்பவர்களிடம் மட்டும் வாயே திறக்கவில்லை. சொன்னால் எவன் எடுப்பான்?

தை மாதம் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணம். கிடாரை எடுத்துப் போனவன் பழமலை. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவன். தண்ணீர் தெளித்த பந்தலில் வெறுங்காலோடு நின்றான். ஒரு கை கிடார் கம்பியில். மறு கையால் மைக்கைப் பிடித்தான். அவ்வளவுதான்.

சாராயக் கடைகள் புதிதாகத் திறந்திருந்த சமயம். "கிடார் எடுக்க வந்தப்பவே வாடை அடிச்சுதுங்க" என்று எழவு வீட்டு வாசலில் முதலில் சொன்னவர் தர்மராஜ். பழமலை டீக்கு மேல் எதையும் தொட்டவனில்லை. குடித்துவிட்டுக் கரண்டில் கை வைத்தான் என்று ஊர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரோடு நீலாவதி அதே கம்பெனிக்கு மண் சுமக்கப் போனாள். கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் போகும்போதெல்லாம் தர்மராஜ் குனிந்து எதையோ தேடுவார். சோறு இறங்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் அவள் தலை நிமிர்ந்திருப்பாள். சொல்லவில்லை.

ஆனி மாதம். பட்டப்பகல். கிடாரை எடுக்கத் திட்டக்குடிப் பார்ட்டி சாயந்தரம் வருவதாக இருந்தது. தர்மராஜ் தூசி தட்டிப் பெட்டியைத் திறந்து சொருகினார். சொருகும்போதே கரண்ட் போய்விட்டது. பிளக்கில் சிவப்புப் பொட்டு கீழ்ப்பக்கம் இருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மெயினிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பி கட்ட உட்கார்ந்தார். கடைக்கு முதுகைக் காட்டியபடி.

மணி மூன்றே கால். சேலம் போகும் ரயில் ஊதிவிட்டுப் போனது.

ம்ம்ம்ம்…

ஆம்ப்ளிஃபையர் சூடேறும்போது வருகிற இரைச்சல். கரண்ட் வந்துவிட்டது போல என்று நினைத்தார். திரும்பவில்லை.

ஈர மண் வாடை அடித்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

டங்… ஒரு கம்பி அதிர்ந்தது.

"அண்ணே… சுருக்குன்னு புடிக்குதுங்க."

திட்டக்குடி ஆள் சீக்கிரமே வந்துவிட்டானாக்கும். கம்பியை முறுக்கியபடியே, ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"பிளக்கைத் திருப்பிச் சொருகுப்பா. சரியாப்பூடும்."

"சரிங்கண்ணே."

இரைச்சல் நின்றது.

அப்போதுதான் உறைத்தது.

ஃபியூஸ் கட்டை… அவர் கையில் இருந்தது.

திரும்பினார்.

யாரும் இல்லை.

வால்வைத் தொட்டார். சுட்டது.

பிளக்கில் சிவப்புப் பொட்டு… மேலே இருந்தது.

திட்டக்குடிப் பார்ட்டியிடம் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நடந்ததை அன்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவியிடம்கூட.

மறுநாள் காலை நீலாவதி கடை வாசலில் வந்து நின்றாள். புருஷன் செத்தபின் அவள் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணுங்க. நேத்து ஒடம்பு முடியலன்னு வூட்ல படுத்திருந்தேன். ரயிலு ஊதிட்டுப் போன நேரம். காதுகிட்ட அவரு கொரலு…"

தர்மராஜ் கிடார்ப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"'நீலா, நான் குடிக்கல. பிளக்கைத் திருப்பிச் சொருகியிருந்தா போதுமாம். தர்மண்ணன் இப்பத்தான் சொல்றாரு'ன்னு சொன்னாருங்க."

நீலாவதி கடைக்குள் தொங்கிய வயர்களைப் பார்த்தாள்.

"எங்க வூட்ல கரண்டே கெடையாதுங்க. பிளக்குன்னா என்னாங்கண்ணே?"