மஞ்சள் மூட்டைத் தையல்

ஊசியில் நூல் கோக்கும்போது செங்கோடன் மூச்சு விடமாட்டார். கோத்து முடித்ததும் ஒரு பெருமூச்சு, ஏற்றம் இறைத்து ஓய்ந்தவர்போல. மாட்டுக்கொட்டகை வாசலில் கவிழ்ந்து கிடக்கும் உடைந்த உரல்தான் அவருக்கு ஆசனம். துணியின் ஒரு முனையைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்து இழுத்துக்கொண்டு மறு முனையில் தைப்பார். நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் மஞ்சள் மூட்டையை அப்படித்தான் தைப்பது. அவருக்குத் தெரிந்த தையல் அது ஒன்றுதான். இப்போது தைப்பது மூட்டை அல்ல, ரெண்டு வயது மகள் குப்பாயிக்குச் சட்டை.

சட்டை என்று அவர் சொல்கிறார். கழுத்துக்கு ஒரு ஓட்டை, கைக்கு ரெண்டு ஓட்டை, மீதி எல்லாம் அடைப்பு. வண்டி ஏறிச் சேலம் போனாலும் பிரியாது. மண்டிக்காரர் கந்தவேல் அந்த வழியாக வந்தால் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார்.

"ஏனுங்க மாப்ள, எடை போட்டாச்சுங்களா? மண்டிக்கு ஏத்திரலாமுங்களா?"

"ஏத்துங்க. வழியில அழுதா நீங்கதான் தூக்கோணும்" என்பார் செங்கோடன், தலை நிமிராமல்.

அந்த வீட்டில் தைக்கத் தெரிந்தவள் அவர் மனைவி பெருமாயி. முதல் ரெண்டு குழந்தைக்கும் பிறக்கும் முன்பே புதுத்துணி வாங்கி, கழுத்தைச் சுற்றிப் பூ வேலை செய்து சட்டை தைத்து வைத்தாள். ரெண்டும் நடை பழகுவதற்குள் போய்விட்டன. சட்டையின் அழகைப் பார்த்துத்தான் எமனுக்கு ஆசை வந்தது என்று ஊரில் பேச்சு. பெருமாயி ஊசிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள்.

மூன்றாவதாகப் பிறந்ததை, எமன் கண்ணுக்கு வேண்டாத பிள்ளையாகத் தெரியட்டும் என்று குப்பை மேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பாயி என்று பேர் வைத்தார்கள். வருகிற தையில் திருச்செங்கோட்டு மலையில் முடியிறக்கிக் காது குத்தும்வரை அதன் உடம்பில் புதுத்துணி படக்கூடாது. பிள்ளை சாகாமல் தங்கிய வீடுகளில் மடிப்பிச்சை எடுத்த பழந்துணிதான் போடவேண்டும். பெருமாயி ஊசியைத் தொடமாட்டேன் என்றாள். செங்கோடன் மூட்டை ஊசியை எடுத்துக்கொண்டார். அது போட்ட ஓட்டை வழியாகக் குழந்தைக்குக் குளிர் ஏறுகிறது என்று யாரோ சொன்ன பிறகு சின்ன ஊசிக்கு மாறினார்.

தோட்டமும் கிணறும் ரெண்டு ஜோடி எருதும் உள்ள மனிதர். தாசில்தார் வந்தாலும் தோளில் கிடக்கும் துண்டை எடுக்காதவர். அவர் அந்தத் துண்டை இடுப்பில் கட்டி, முனையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய் நிற்பார். பிச்சைக் குரல் மட்டும் வராது. வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட வந்தவர் மாதிரியே கேட்பார்.

"பழந்துணி இருந்தாப் போடுங்க. புதுசு கொண்டாந்தா வாங்கமாட்டேன்."

"பிச்சை கேக்கறீங்களா, மிரட்டறீங்களா?" என்பார்கள் பெண்கள்.

"ரெண்டுந்தானுங்க."

உலக யுத்தம் வந்து, தலைக்கு இத்தனை கஜம்தான் என்று சர்க்கார் துணிக்குக் கண்ட்ரோல் போட்டபிறகு இதுவும் பெரும்பாடாகிவிட்டது. பழந்துணியை ஊரே உடுத்திக்கொண்டு திரிந்தால் பிச்சை போட எது மிஞ்சும்? இந்த ஐப்பசியில் தெருத்தெருவாகச் சுற்றியும் ஒரு கந்தல் கிடைக்கவில்லை. கடைசியில் பெரியநாயகி வீடு. பெற்ற பிள்ளை அத்தனையும் தங்கிய வீடு. "நாளைக்கு வாங்க தம்பி, தேடி வெக்கறேன்" என்றாள். மறுநாள் அவள் போட்ட துணி செம்மண் நிறத்தில், ஓரம் கிழிந்து, சாணி வாசத்தோடு இருந்தது. செங்கோடனுக்குப் பரம திருப்தி. ஊரிலேயே கேவலமான துணி என்று பெருமாயியிடம் விரித்துக் காட்டினார். அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

அந்தச் சட்டையோடுதான் குப்பாயி ஆட்டுக்குட்டியை முடுக்கினாள், கோழிக்கூண்டுக்குள் புகுந்தாள், எருமைக்கு முத்தம் கொடுத்தாள். மற்றவர்கள் துணி துவைத்தால் பழசாகும். இது துவைக்கத் துவைக்கப் புதுசுபோல வெளுத்துக்கொண்டே வந்தது. செங்கோடன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. போன வாரம் வேலி முள்ளில் மாட்டி அடி ஓரம் கிழிந்தது. தைப்பதற்காக மடிப்பைப் பிரித்தார். உள்ளே ஊதா மையில், புதுத்துணியில் அடிக்கிற மில் முத்திரை. சட்டை தைத்த அன்றைக்கு அந்த இடத்தில் அப்பியிருந்த மண் இப்போது போய்விட்டது, மை போகவில்லை.

குழந்தையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டையும் கையுமாகப் பெரியநாயகி வீட்டுக்கு நடந்தார்.

"ஏனக்கா, என்னது இது?"

பெரியநாயகி முத்திரையைப் பார்த்தாள். மழுப்பவில்லை. "கண்ட்ரோல் கடைத் துணிதானுங்க தம்பி. செம்மண்ணுல ஊறவெச்சு, சாணித் தண்ணியில முக்கி, கல்லுல நாலு அறை அறைஞ்சேன். எனக்குக் கையே வீங்கிப்போச்சு."

"பழசுதான கேட்டேன்?"

"ஊட்டுல பழசுன்னா நான் உடுத்தியிருக்கறதுதான். அவுத்துக் குடுக்கச் சொல்றீங்களா? மடியேந்தி வந்த மனுசனை வெறும் மடியோட முடுக்கிவுட்டா என் புள்ளைங்களுக்கு ஆகுமுங்களா?"

செங்கோடனின் கை தானாகக் குழந்தையின் நெற்றிக்குப் போனது. சூடு இல்லை. குழந்தை அவர் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசமாப் போட்டுக்கிட்டுத்தான் திரியறா. ஒரு சளி புடிச்சுதுங்களா?" என்றாள் பெரியநாயகி.

"பெருமாயிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லுவனுங்களா?"

"சரி, வாரேன்."

வீட்டுக்கு வந்ததும் பெருமாயி அடுப்படியிலிருந்து கேட்டாள். "புள்ளையத் துண்டுல சுத்திக்கிட்டு எங்கீங்க போனீங்க?"

"ஊசி வாங்க."

"ஊசி இங்கதான கிடக்குது?"

செங்கோடன் போய் உரல்மேல் உட்கார்ந்தார். குப்பாயி எதிரே நின்று சட்டைக்குக் கை நீட்டினாள். "இரு சாமி" என்றார். தெருவின் இந்தக் கடைசியைப் பார்த்தார். அந்தக் கடைசியைப் பார்த்தார். அண்ணாந்து மேலேயும் ஒருமுறை பார்த்தார். முன்பு ஒரு மடிப்பாக மடித்திருந்த ஓரத்தை, முத்திரை உள்ளே போகும்படி ரெண்டு மடிப்பாக மடித்து, ஊசியைக் குத்தினார்.